பாவாயம்மாள் வண்டி

சென்ற ஆவணி மாதம் இரண்டாம் செவ்வாய், காலை ஏழு இருபதுக்கு என் அப்பா என்னைக் கன்னத்தில் அறைந்தார். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருக்கு எண்பத்து ஒன்று. அடி நன்றாகவே விழுந்தது.

அவர் படுக்கையில் விழுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதுகின் அடியில் படுக்கைப் புண். அதற்கு மருந்து போட அவரைத் திருப்பினேன், அறைந்தார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. மறதி நோய் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

"முன்னப்பின்ன தெரியாத ஆளு காலங்காத்தால வந்து வேட்டிய அவுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றாள் என் மனைவி சுலோச்சனா. நியாயமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வழிபாட்டில் இதையெல்லாம் எழுந்து சொல்லும்படி அன்பர்கள் மூன்று முறை கேட்டீர்கள். எனக்குப் பேச வராது. முப்பது வருடமாக டைரி எழுதுகிறவன் என்பதால் எழுதியே தருகிறேன். நேரமெல்லாம் டைரியில் பார்த்து எழுதியது.

நான் சங்ககிரியில் பள்ளி ஆய்வக உதவியாளன். புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது என் வேலை. அப்பாவுக்குப் பெயர்கள் மறந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பது மட்டும் மறக்கவில்லை. கண்ணில் படும் பலகையையெல்லாம் சத்தமாகப் படிப்பார். எனவே வீடு முழுவதும் சீட்டு ஒட்டினேன். கதவு. சன்னல். தண்ணீர். கடைசியில் என் சட்டைப் பையிலும் ஒன்று குத்திக்கொண்டேன்: உங்கள் மகன் தங்கவேல்.

அப்பா படித்தார். "நல்ல பேரு. எந்த ஊரு சாமி நீ?" என்றார்.

அன்று கிணற்று மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பதினொரு நிமிடம்.

என் டைரியில் இடது பக்கம் முருகனிடம் நான் கேட்பதை எழுதுவேன். வலது பக்கம் அவன் செய்ததை எழுதக் காலியாக விடுவேன். அன்று எழுதியது: "முருகா, அப்பாவுக்கு என்னைத் தெரிய வேண்டும். நான் சொல்வதைக் கேட்க வேண்டும். புண் ஆற வேண்டும்." புண் எலும்பைத் தொட்டுவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆவணி முடிந்தது. புரட்டாசியும் பாதி போனது. வலது பக்கம் காலியாகவே இருந்தது.

அப்போதுதான் நம் வழிபாட்டுக்கு வரும் அன்பர் ஒருவர், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் அறக்கட்டளை ஒன்றைப் பற்றிச் சொன்னார். காசு வாங்குவதில்லை, நாலு பேர் கொடுப்பதில் நடக்கிறது என்றார். எனக்கு உடம்பு கூசியது. எங்கள் வீட்டில் கொடுத்துத்தான் பழக்கம். கோயில் மண்டபத்தில் இருக்கும் டியூப்லைட் அப்பா கொடுத்தது. அவர் பெயர், ஊர், அவர் ஓட்டிய லாரியின் பெயர் எல்லாம் அதில் எழுதியிருப்பதால் வெளிச்சம் வராது. பூசாரி டார்ச் வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட குடும்பம் தர்மத்துக்குக் கை நீட்டுவதா?

சுலோச்சனா என்னைக் கேட்காமலே போன் செய்துவிட்டாள்.

செல்வி என்ற நர்ஸ் வந்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். ஒரு தண்ணீர் மெத்தை கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பச் சொன்னார். தினமும் கொஞ்ச நேரம் சக்கர நாற்காலியில் மெத்தை போட்டு உட்கார வைக்கச் சொன்னார். அந்த நாற்காலியையும் இறக்கினார். அதன் முதுகுத் தகட்டில், மஞ்சள் பூச்சின் மேல் சிவப்பில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: உபயம், பாவாயம்மாள் நினைவாக, ராசிபுரம்.

அப்பா அதில் உட்கார மறுத்தார். நாங்கள் தூக்கினால் அடித்தார். ஐந்து நாள் நாற்காலி முதுகைச் சுவரில் ஒட்டி ஓரமாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமன் கல்யாணப் பத்திரிகை வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார். கொடுத்தவர் பெயரை அவர் பார்த்தால் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரிந்துவிடும். காலை ஒன்பது பத்துக்கு ஒரு பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

"செத்தவங்க பேரச் சொரண்டறீங்களே, நல்லாவா இருக்குது?" என்றாள் சுலோச்சனா.

"பேர இன்னும் தொடல. முன்னாடியும் பின்னாடியுந்தான் எடுத்திருக்கறேன்."

அப்போது படுக்கையிலிருந்து குரல் வந்தது. "பாவாயம்மாள். ராசிபுரம்."

அப்பா படித்துக்கொண்டிருந்தார். "உபயம்" போய்விட்டது. "நினைவாக"வும் போய்விட்டது. லாரி நெற்றியில் எழுதியிருப்பதுபோல, மஞ்சள் தகட்டில் பெயரும் ஊரும் மட்டும் நின்றன. நாற்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு அது வேறு எப்படித் தெரியும்?

"இது ஆரு வண்டி?" என்றார்.

பிளேடை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "பாவாயம்மா வண்டிங்க."

"ஓனரு பொம்பளையா?"

"ஆமாங்க."

"காத்துப் பாத்தியா?"

பெருவிரலால் டயரை அமுக்கினேன். "பாத்துட்டனுங்க."

"அப்பறம் எதுக்குடா மரமாட்ட நிக்கற? லோடு ஏத்த நேரமாச்சு." இரண்டு கையையும் என்னிடம் நீட்டினார். நாங்கள் தூக்கி உட்கார வைத்தோம். அடிக்கவில்லை. நேரம் ஒன்பது இருபத்தைந்து.

மாமா வந்தபோது அப்பா வாசலில் வண்டியில் இருந்தார். மாமா தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "இத ஏத்தாத. ஓவர்லோடு. செக்போஸ்ட்ல புடிச்சுருவான்" என்றார்.

"வண்டி ஏது?" என்று மாமா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சுலோச்சனா சொன்னாள்: "தர்மத்துக்கு வாங்குனதுங்க மாமா." மாமா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு, தன் மாமியாரும் படுக்கையில் கிடப்பதாகச் சொல்லி அறக்கட்டளையின் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு லாரி ஷெட் ஆனது. நான் கிளீனர். செல்வியும் இரண்டே நாளில் பழகிக்கொண்டார். "அப்பாரு, பின் டயர் பாக்கோணும், கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க" என்றால் படுத்துக்கொள்வார். புண் ஆறச் செல்வி சொன்ன இரண்டு முட்டையையும் வேண்டாம் என்றால், "ஓனரம்மா குடுத்துவிட்டாங்க" என்று சொன்னால் போதும். இரண்டையும் தின்றுவிட்டு, "தங்கமான பொம்பள" என்பார். நான் பார்த்தேயிராத, இறந்துபோன ஓர் அம்மாள் தினமும் என் அப்பாவுக்குச் சோறு ஊட்டினார்.

மார்கழியில் புண்ணின் குழியில் புதுச் சதை வளர்ந்து நிரம்பியது. தை மூன்றாம் செவ்வாய் அன்று செல்வி கட்டைப் பிரித்துப் பார்த்து, "இனிக் கட்டு வேண்டாங்க சார்" என்றார். மறதி நோய் ஆறவில்லை, ஆறாது என்றும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு மாலை, வேப்பமரம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அப்பா ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"டேய் கிளீனர், எனக்கு ஒரு பையன் இருக்கறான். தங்கவேலுன்னு பேரு."

நான் தள்ளுவதை நிறுத்தவில்லை. "அப்படிங்களா?"

"எதையெடுத்தாலும் நோட்டுல எழுதுவான். தொல்லை புடிச்சவன். ஆனா நான் லாரியோட லைனுக்குப் போயிட்டு என்னைக்கு வந்தாலும் வாசக் கேட்டுக்கிட்ட நிப்பான். ஒரு நாளுந் தவறுனதில்ல." சற்றுப் பொறுத்து, "நீயும் பரவால்ல" என்றார்.

வண்டி வீடு திரும்ப வழக்கத்தைவிட இருபது நிமிடம் அதிகமானது.

மறுநாள் செல்வியிடம் பிளேடு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். சங்ககிரியில் லாரிக்குப் பெயர் எழுதும் பெயிண்டரை அழைத்து, சுரண்டியதைத் திரும்ப எழுத வைத்தேன். அவர் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் தாமரை போட்டு, அடியில் "ஒலி எழுப்பு" என்றும் எழுதிவிட்டார். அப்பாவுக்குத் திருப்தி. உபயம் என்பது ஓனரம்மாவின் வீட்டுப் பெயர் என்று அவரே முடிவுசெய்துகொண்டார்.

அப்பாவின் பிறந்தநாளுக்கு வருடந்தோறும் அன்னதானம் செய்வோம். இந்த முறை அறக்கட்டளைக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாமா என்று செல்வியைக் கேட்டேன்.

"பொங்கல் எல்லாருந் தர்றாங்க சார். ஒரே நாள்ல மூணு பொறந்தநாள் வந்தா எங்ககிட்ட இருக்கற சுகர்க்காரங்க பாடு திண்டாட்டம். வீடு வீடாப் போற வண்டிக்கு டீசல் வேணும், பெரியவங்களுக்கு டயப்பர் வேணும். டயப்பர மட்டும் ஆருந் தர மாட்டாங்க."

"ஏனுங்க?"

"அதுல பேரு எழுத முடியாதில்ல."

எங்கள் கோயில் டியூப்லைட் நினைவுக்கு வந்தது. இந்த வருடம் டயப்பர் வாங்கிக் கொடுத்தோம். இனி ஒவ்வொரு வருடமும் கொடுப்போம்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருக்கலாம். முருகனிடம் கேளுங்கள், கட்டாயம் செய்வான். எந்த வழியில் செய்ய வேண்டும் என்று மட்டும் அவனுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். நான் எழுதிக் கொடுத்தேன். அவன் அனுப்பிய பதிலைப் பிளேடால் சுரண்டவும் செய்தேன். அந்தச் சுரண்டலையும் அவன் உபயோகப்படுத்திக்கொண்டான். வாங்க வேண்டிய நாள் வந்தால் கூசாமல் வாங்குங்கள். கொடுக்கும் நாள் வந்தால், அங்கே எது குறைவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

டைரியின் வலது பக்கத்தை நேற்றுத்தான் நிரப்பினேன். "புண் ஆறியது. சொல்வதைக் கேட்கிறார். என்னைத் தெரிகிறது, கிளீனராக."

மணி நான்கு ஐம்பது. ஐந்துக்கு வண்டி எடுக்க வேண்டும். உள்ளே அவர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"டேய் கிளீனர்."

"வாரனுங்க."