சுண்ணாம்பு பூசாத வீடு

“அப்ப எங்களுக்கு என்னதான் ஈந்திச்சி, உம்மா?” என்று நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள். ஒரு சின்ன வீடு செய்யும்போது வந்த கேள்வி அது.

கண்டியில் அவள் படிக்கும் பாடசாலையில், அரசர் காலத்து நகரத்தை காகித மட்டையால் செய்து வைக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீடு கொண்டுபோக வேண்டும். நான் பேராதனையில் வரலாறு படித்தவள். அந்தக் காலத்தில் சாதாரண சனங்கள் கூரைக்கு ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ கூடாது. அதெல்லாம் அரண்மனைக்கும் கோயில்களுக்கும் பெரிய தலைவர்களுக்கும்தான். ஆகவே நாங்கள் களிமண்ணால் சுவர் வைத்து, வைக்கோல் வேய்ந்தோம்.

மகள் உள்ளே கதிரை வைக்கக் கேட்டாள். முதுகு சாய்கிற கதிரையில் அரசர் மட்டும்தான் உட்காரலாம் என்றேன். யன்னல் கேட்டாள். அந்தச் சொல்லே போர்த்துக்கீசப் பறங்கியரோடு வந்தது என்றேன். முற்றத்தில் செத்தல் மிளகாய் காயவைக்க ஆசைப்பட்டாள். மிளகாயும் கப்பலில் வந்ததுதானே, அதற்குள் மலை ஏறியிருக்குமா என்று எனக்கே சந்தேகம். எதற்கும் வேண்டாம் என்றேன். அப்போதுதான் அவள், எங்களுக்கு என்னதான் இருந்தது என்று கேட்டாள்.

பாடசாலை மண்டபத்தில் பார்த்தால் எல்லா வீடும் வெள்ளை, எல்லாக் கூரையும் சிவப்பு. எங்கள் வீட்டை ஓரத்தில் வைத்து, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் மாட்டை நிறுத்தியிருந்தார்கள். மகள் என் கையை இறுகப் பிடித்தாள்.

நான் ஆசிரியையிடம் மெல்ல விளக்கினேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

“ஓம், நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனா எல்லாரும் வெள்ளை அடிச்சுப்போட்டினம். நாளைக்கு ஆக்கள் பாக்க வருகினம், இனி எப்பிடி மாத்திறது?”

பக்கத்தில் நின்ற நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருவர் சிரித்தார்.

“டீச்சர், எங்க வீட்ட மட்டும் பிரிச்சிறாதீங்க. நெசத்துலதான் தகரக் கூரை. இங்கயாச்சும் ஓடு போட்டு இருந்துட்டுப் போறோமே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சொன்னது சரி. அவர் சொன்னது அதைவிடச் சரி.

பஸ்ஸில் மகள் வெளியே பார்த்தபடியே வந்தாள். எங்கள் ஊரான கலகெதரவில் இறங்கும்போது, “நீங்க எப்பவும் இல்லாதத மட்டும்தான் செல்லுவீங்க” என்றாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் பாடம் எதுவும் கேட்பதில்லை. அடுத்த வாரம் தன் முன்னோரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். அதைக்கூட அவள் வாப்பாதான் எனக்குச் சொன்னார். பறங்கியரால் கரையிலிருந்து விரட்டப்பட்டு, அரசரிடம் இடம் கேட்டு மலைக்கு வந்து, மாட்டின் முதுகில் உப்பும் பாக்கும் ஏற்றிப் பிழைத்தவர்கள் எங்கள் ஆட்கள். அவளோ அரண்மனைக்குப் பக்கத்தில் பெரிய வெள்ளை வீட்டில் எங்கள் ஆட்கள் இருந்ததாகச் சொல்லிப் பழகுகிறாள். நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுகிறாள்.

திருத்தினால் இருக்கிற கொஞ்சப் பேச்சும் நின்றுவிடும். விட்டால், உண்மை தெரிந்த ஒரு பிள்ளை வகுப்பிலேயே எழுந்து மறுக்கலாம். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் இப்போது பேசுவதா, பேசாமல் இருப்பதா?