நெற்றிப் பொட்டும் நர்சரி சீட்டும்

போன செவ்வாய்க்கிழமை செம்பூரில் ஒரு நர்சரி ஸ்கூலில் என் மகள் மீனுவுக்கு சீட் கிடைத்தது. புதன்கிழமை நானே போய், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பைத்தியமா என்றுதானே கேட்கிறீர்கள்? என் கணவரும் அதையேதான் கேட்டார்.

மீனுவுக்கு நாலு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று ஏழு ஸ்கூல் படி ஏறி இறங்கியாகிவிட்டது. ஆட்டிசம் என்றதும் எல்லோரும் அன்பாகச் சிரிப்பார்கள்... அப்புறம் போனை எடுக்கமாட்டார்கள்.

"இந்தத் தடவை ஃபார்ம்ல எதுவும் எழுதாதே. மொதல்ல அட்மிஷன் ஆகட்டும், மத்ததைப் பின்னாடி பாத்துக்கலாம்" என்றார் கணவர்.

நானும் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? பதினைந்து நாள் வீட்டிலேயே இன்டர்வியூ நடத்தினேன். பெயர், வயது, நாலு கலர், குட் மார்னிங். அவளுக்குக் கண்ணைப் பார்த்துப் பேச வராது. அதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன் — "கண்ணைப் பாக்க வேண்டாம்டா, அம்மா பொட்டைப் பாத்துச் சொல்லு." சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே போனால், பிரின்சிபால் நெற்றியில் பொட்டே இல்லை! மீனு அந்த முகம் முழுக்கத் தேடினாள். தேடிக்கொண்டே எல்லாப் பதிலையும் ஒப்பித்தாள். "வெரி அட்டென்டிவ் சைல்ட்!" என்று அந்த அம்மாள் பூரித்துப்போனார். சீட் ரெடி.

ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தது. "மை நேம் இஸ் மீனு. ஐ ஆம் ஃபோர். ரெட், ப்ளூ..." வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு, என் பொட்டையே பார்த்தபடி, அழுதுகொண்டே ஒப்பித்தாள். "போதும்டா, முடிஞ்சுபோச்சு" என்று கெஞ்சினேன். பொட்டை எடுத்து பாத்ரூம் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தேன். அப்போதும் நிற்கவில்லை. எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். பிரின்சிபால் நல்லவர்தான், கோபப்படவில்லை. "பரவாயில்லை... நேற்று இருந்த மாதிரியே தினமும் இருந்தால் எங்களுக்கு ஒரு பிரச்னையும் இல்லை" என்றார் ஆங்கிலத்தில்.

தினமுமா? ஒரு பேப்பர் கேட்டு வாங்கினேன்.

"அரே, கெடச்ச சீட்டை யாராவது விடுவாளா? இனிமே எங்க போய்த் தேடறது?" என்று வீட்டில் குதித்தார் கணவர். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நாளைக்கு முலுண்டில் ஒரு இடம் பார்க்கப் போகிறோம். ஃபார்மில் முதல் வரியிலேயே ஆட்டிசம் என்று எழுதப் போகிறேன்.

செம்பூரில் சீட் கிடைத்தது, நான் பதினைந்து நாளில் தயாரித்த ஒரு குழந்தைக்கு. என் மகளுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.