கர்த்தாவே என்று யாரைக் கூப்பிடுகிறோம்

கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த புதிதில் எனக்குச் சிரமமாக இருந்தது சமையலும் அல்ல, மாமியாரும் அல்ல. ஜெபம்தான். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. எங்களுக்குக் கடவுள் என்றால் சர்வேசுரன், அவருடைய மகன் சேசுநாதர். பெயரைக் கேட்டதுமே யாரைச் சொல்கிறார்கள் என்று விளங்கிவிடும். என் கணவர் வீட்டார் புரட்டஸ்தாந்துக்காரர். அங்கே எல்லாவற்றுக்கும் கர்த்தர்தான். வானத்தையும் பூமியையும் படைத்தவர் கர்த்தர், சிலுவையில் மரித்தவரும் கர்த்தர், நேற்றுப் பெய்த மழையைத் தந்தவரும் கர்த்தர்.

மாமா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இராச்சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்து நீளமாக ஜெபிப்பார். நானும் கண்ணை மூடிக்கொண்டு மனதை அவருடைய சொற்களோடு செலுத்தப் பார்ப்பேன். ஆனால் அவர் யாரோடு கதைக்கிறார் என்று தெரியாமல் பாதியிலேயே மனம் வழி தவறிவிடும். ஒரு நாள் அவர் ஆமென் சொல்லி முடித்ததும் கேட்டே விட்டேன்.

"மாமா, கர்த்தாவே எண்டு நீங்க கூப்பிடுறது தகப்பனையா, மகனையா?"

என் கணவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். மாமா கோபிக்கவில்லை. 

"இவ்வளவு காலமும் நான் இதை யோசிக்கவே இல்லைப் பிள்ளை," என்றார்.

அடுத்த நாள் காலையில் என்னிடம் வந்து கம்பளி நூல் கேட்டார். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். சிவப்பிலும் வெள்ளையிலும் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தேன். வேதபுத்தகத்தில் கர்த்தர், மேய்ப்பர், இரட்சகர் போன்ற ஒரு பட்டம் பிதாவுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் சிவப்பு நூலும், இயேசுவுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் வெள்ளை நூலும் வைக்கப்போவதாகச் சொன்னார். ஒரு கிழமையில் எல்லாம் பிரித்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

பிரிபடவில்லை. சங்கீதப் புத்தகத்தில் மேய்ப்பர் என்றால் கடவுள், அங்கே சிவப்பு. சுவிசேஷத்தில் நல்ல மேய்ப்பன் நானே என்று இயேசு சொல்கிறார், அங்கே வெள்ளை. தம்மைத் தவிர வேறு இரட்சகர் இல்லை என்று தீர்க்கதரிசியின் வாயால் கடவுள் அடித்துச் சொல்கிறார். பெத்லகேமில் தேவதூதன் பிறந்த குழந்தையையே இரட்சகர் என்கிறான். முந்தினவரும் பிந்தினவரும் என்ற பட்டம் பழைய ஏற்பாட்டில் கடவுளுக்கு; கடைசிப் புத்தகத்தில் மரித்து உயிர்த்தவருக்கு. நான் வெங்காயம் உரிக்கும்போது மாமா குசினி வாசலில் வந்து நின்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவார். சந்தைக்குப் போக ஆளில்லாமல் போய்விட்டது என்று மாமி முறையிட்டார்.

என் அப்பா துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் கிளாக்கர். நான் பிள்ளைத்தாய்ச்சி என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ரயிலேறி என்னைப் பார்க்க வருவார். எந்தக் கோயிலில் கல்யாணம் என்பதில் ஏற்பட்ட மனக்கசப்பு இரண்டு சம்பந்திகளுக்கும் ஆறவில்லை. வெயில் கூட என்று ஒருவர் சொல்வார், ஓம் கூடத்தான் என்று மற்றவர் சொல்வார். அதோடு சரி. ஒரு ஞாயிறு அப்பா வந்தபோது வேதபுத்தகம் நூல் நூலாகத் தொங்கிக்கொண்டு மேசையில் கிடந்தது. இது என்ன என்று அவர் கேட்டார். மாமா தயங்கித் தயங்கித்தான் சொல்லத் தொடங்கினார். அப்பா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கட கந்தோரில பெரியவரும் துரை, அவர்ட மகனும் துரை," என்றார் அப்பா. "மகன் வந்து ஒரு வேலை சொன்னா, எந்தத் துரை சொன்னது எண்டு யாரும் கேக்கிறதில்ல. ஒரே கொம்பனி, ஒரே அதிகாரம்."

மாமா விடவில்லை. "எண்டாலும் சம்பந்தி, அங்க துரைமார் ரெண்டு பேரெல்லோ? நாங்கள் கும்பிடுறது ஒரு கடவுளை."

அப்பா சிரித்துவிட்டு இன்னொரு தேத்தண்ணி கேட்டார். அந்த வீட்டில் அவர் இரண்டாவது தேத்தண்ணி குடித்தது அன்றைக்குத்தான். அதன்பின் ஞாயிறுதோறும் இது நடந்தது. அப்பா என்னைப் பார்க்க வருகிறாரா, மாமாவைப் பார்க்க வருகிறாரா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

ஆனியில் எங்கள் கொச்சிக்கடைக் கோயில் திருவிழாவுக்கு அப்பா மாமாவை அழைத்தார். நான் சில நாட்களுக்கு முன்பே அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெள்ளைக் கோட்டும் குடையுமாக வந்து, சனத்துக்குள் அப்பாவின் பக்கத்தில் விறைப்பாக நின்றார். நானும் அம்மாவும் அவர்களுக்குப் பின்னால். பிரார்த்தனையைப் பாட்டாகப் பாடத் தொடங்கினார்கள். பிதாவைச் சர்வேசுரா என்று கூப்பிட்டு இரக்கம் கேட்டார்கள். அடுத்த வரியில் மகனாகிய சுதனையும் அதே சர்வேசுரா என்று கூப்பிட்டார்கள். மாமா சட்டென்று அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, நான் மாதக்கணக்காத் தேடுறதை உங்கட ஆக்கள் பாட்டாவே வைச்சிருக்கினம்!"

"சின்னனில இருந்து சொல்லுறன், எனக்கும் இப்பதான் விளங்குது," என்றார் அப்பா.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் பெயர்கள் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்று பெருமையோடு இருந்தவள் நான். நானும் அதே வரிகளைத்தான் பிறந்ததிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். மெழுகுதிரி வெக்கையில் நின்றுகொண்டு, வாய்க்குள் கர்த்தாவே என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். யாரை என்று பிரிக்கத் தோன்றவில்லை. மனம் வழி தவறவும் இல்லை.

பூசை முடிந்ததும் மாமாவைக் கோட்டை ஸ்டேசனில் ஏற்றிவிட்டு வருவதாக அப்பா போனார். இருட்டியும் வரவில்லை. அம்மா வாசலுக்கும் குசினிக்குமாக நடந்தார். மறுநாள் பின்னேரம் வேலை முடிந்து அப்பா வந்தபோது, அவர் போட்டிருந்த சேட்டு தோளில் இறுக்கிப் பிடித்திருந்தது. அது மாமாவுடையது.

நடந்தது இதுதான். மற்றப் பட்டங்கள் எல்லாம் இருவருக்கும் பொருந்தும், பிதா என்ற பெயர் மட்டும் பிதாவுக்கே உரியது என்று பிளாட்போமில் நின்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். ரயில் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்த மாமா யன்னலால் தலையை நீட்டி, பிறக்கப்போகும் பாலகனைப் பற்றிச் சொன்ன தீர்க்கதரிசி அவருக்கு நித்திய பிதா என்றும் ஒரு பெயர் சொல்லியிருக்கிறாரே, அதை என்ன செய்வது என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல ரயிலுக்குள் ஏறினார். ரயில் வெளிக்கிட்டுவிட்டது. கதைத்த கதையில் வெள்ளவத்தையையும் தவறவிட்டு, அடுத்த ஸ்டேசனான தெகிவளையில் இறங்கிக் கடற்கரைப் பாதையால் கடலை கொறித்தபடி திரும்பி நடந்திருக்கிறார்கள். மாமி சோறு போட்டு, பாய் விரித்துப் படுக்கவைத்துக் காலையில் கந்தோருக்கு அனுப்பியிருக்கிறார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் என்ன முடிவு என்றார்.

"அந்த ஒண்டுதான் இன்னும் முடியல்ல," என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை சம்பந்தி இங்க வாறார்."

"அப்ப நண்டு வாங்கோணும்," என்றார் அம்மா.