மஞ்சள் கவுனில் பிடித்த மிச்சம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் எங்கள் வாடகை வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. அதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் ஒரே மகள், ஆறு வயது, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அதன்பின் என் மனைவி யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. திடீரென்று ஒருநாள் போனில் குயில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பாப்பாவின் துணிமணிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு டிசைனாகப் பன்னிரண்டு சதுரம் தைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போர்வையாக்க வேண்டும் என்றாள். பதினொன்று முடிந்தது. கடைசிச் சதுரம் ஒரு நட்சத்திரம். அதற்கு வைத்திருந்த துணி, பாப்பா கடைசி கிறிஸ்துமஸுக்குப் போட்ட மஞ்சள் கவுன்.

நட்சத்திரத்தின் முனைகள் கூராக வர, காகிதத்தில் படம் வரைந்து, பின்பக்கம் துணியை வைத்து, கோட்டின் மேலேயே தைக்க வேண்டுமாம். தைத்ததும் துணியைப் புரட்டி மடித்து, அடுத்த துண்டு. எல்லாம் முடிந்தபின் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். புது முறை என்பதால் பழைய புடவைத் துணியில் இரண்டு தடவை தைத்துப் பழகினாள். ஆனால் அந்தக் கவுனில் கத்திரி வைக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. என்னிடம் நீட்டினாள்.

நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ஒரே தோலில் மற்றவர்களைவிட இரண்டு துண்டு கூடவே எடுப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

"கோட்ட விட ஒரு வெரல் ஜாஸ்தியா வெட்டுங்க. அப்புறம் நான் ட்ரிம் பண்ணிக்கிறேன்" என்றாள்.

"உன்ன எங்க செக்‌ஷன்ல வுட்டா ஒரே வாரத்துல கம்பெனிய மூட வேண்டியதுதான்" என்று கிண்டல் செய்தேன்.

சிரித்தாள். ஒரு வருடம் கழித்துச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கோட்டை ஒட்டியே கச்சிதமாக வெட்டினேன். மீதித் துணியையும் வீணாக்குவானேன் என்று, அதே அளவில் உபரித் துண்டுகளாக வெட்டிப் போட்டுவைத்தேன்.

அவள் முதல் துண்டைத் தைத்துப் புரட்டினாள். துணியின் ஓரம் கோட்டுக்கு எட்டவில்லை, காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. சாய்வாகப் புரளுகிற துணிக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வேற துணி இல்லிங்களா?"

உபரித் துண்டுகளைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். எல்லாமே ஒரே அளவு.

"பாப்பா கவுனு தீந்து போச்சாங்க?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. இருந்த துண்டுகளையே தைத்து முடித்தாள். ஓரத்தில் பிடிப்புத் துணி இல்லாததால், காகிதத்தை எடுத்தால் தையல் பிரிந்துவிடும் என்று அப்படியே விட்டு, பன்னிரண்டையும் சேர்த்துப் போர்வையாக்கினாள். அதன்பிறகு தையல் மிஷினிலும் உட்காரவில்லை, சிரிக்கவும் இல்லை.

போர்வை பீரோவில் இருக்கிறது. காகிதம் ஊறிவிடும் என்று துவைப்பதில்லை. எப்போதாவது எடுத்துப் பிரித்தால் அந்த ஒரு சதுரம் மட்டும் சரசரக்கும். கம்பெனியில் இன்றும் மிச்சம் பிடிக்கிறேன், பாராட்டுகிறார்கள். அவள் கேட்ட அந்த ஒரு விரல் துணியை விட்டு வெட்டியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொள்கிறது.