கரண்ட் எப்ப வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையும் நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

பெரம்பலூரில் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன் நான் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் மோட்டார் நின்றால் கூப்பிடுவார்கள், ஓடுவேன். 'இப்ப வர முடியாது' என்பது என் வாயில் வராது. கூச்சம். செல்போன் வாங்கிய பிறகு இன்னும் மோசம் — முன்பாவது என்னைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்று மகள் வந்திருந்தாள். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரிகல் டிப்ளமோ படிக்கிறாள். மாதம் ஒரு முறை வருவாள், ஞாயிறு நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள். "இந்தத் தடவையாவது வூட்டுல இருங்கப்பா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று போனிலேயே சொல்லியிருந்தாள். முந்தைய இரண்டு தடவையும் அவள் பஸ் ஏறும்போது நான் ஏதோ ஒரு வயலில் இருந்தேன்.

வந்தவர் குரும்பலூர் விவசாயி. எனக்கு மூத்தவர், நன்றாகப் பழகியவர்.

"என்ன தம்பி, செல்லு அடிச்சா எடுக்க மாட்டேங்குற? ஸ்டார்ட்டரைப் போட்டா நிக்காம விழுந்துடுது, மோட்டார் ஓடல. வெங்காயம் காயுது. வா, வண்டியில ஏறு."

"இதோ வந்துட்டேன்ணே..." கை தானாகத் தட்டிலிருந்து எழுந்துவிட்டது.

"கறியையும் டூல்ஸ் பையிலயே போட்டுத் தரட்டுமா?" என்றாள் மனைவி.

"தங்கச்சி கோவமா இருக்குது போலிருக்கே" என்று அவர் சிரித்தார்.

மகள் அவருக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"பெரியப்பா, உங்க பக்கம் த்ரீ பேஸ் எப்ப வரும்?"

"காலையில வந்துட்டுப் பன்னெண்டுக்குப் போயிடுச்சும்மா. இனி நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத்தான்."

"அப்ப அப்பா இப்ப வந்து என்ன பண்ணுவாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதானே... கையோட கூட்டிட்டுப் போயிட்டா ஒரு தெம்பும்மா. விட்டா உங்கப்பனை வேற எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்ல!"

தோட்டத்து மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வேண்டும். அது முறை வைத்துத்தான் வரும். அது இல்லாமல் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்கலாம், மோட்டாரை ஓட்டிப் பார்க்க முடியாது. இது எனக்குத் தெரியாதா? இருபது வருடமாகத் தெரியும். ஆனால் 'கரண்ட் எப்ப?' என்று கேட்டால் தட்டிக்கழிக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று, கேட்டதே இல்லை. கூப்பிட்டவுடன் போய், மோட்டார் கொட்டகையில் கரண்டுக்காக உட்கார்ந்திருப்பேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

"காலையில ஆறு மணிக்கு அங்க நிப்பேன்ணே. இப்ப உக்காந்து சாப்பிடுங்க" என்றேன். சாப்பிட்டார். குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றரைக்கு மகளோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பாதி வழியில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"மோட்டார் பேப்பர்ல பெயில் ஆயிட்டேன்ப்பா."

"மோட்டார்லயா?"

"அதான் சொல்லவே பயமா இருந்துச்சு. மெக்கானிக் பொண்ணு போயும் போயும் அதுலயான்னு... படிப்ப விட்டுட்டு வந்துடலாமான்னுகூட நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. இரண்டு மாதமாக இதைச் சொல்ல வந்து, நானில்லாத வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

"வேலை கத்துக்கிட்டப்ப நான் எரிச்ச மோட்டார் எத்தனைன்னு உங்கம்மாவைக் கேளு. திருப்பி எழுதிக்கலாம்மா."

"திட்ட மாட்டீங்களா?"

"அடுத்த மாசம் வா. ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டுட்டு ரெண்டு பேரும் உக்காரலாம்."

பஸ் கிளம்பியது. ஜன்னலிலிருந்து கை ஆட்டினாள். பதிலுக்கு ஆட்ட நான் அங்கே இருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு போன். "அவசரம், உடனே வாங்க!"

"கரண்ட் எப்ப வரும்ணே?"

"நாளைக்குத்தான்... ஏன், வேற வேலையா இருக்கீங்களா?"

"இல்லண்ணே. வூட்டுல இருக்கேன்."

இதைச் சொல்ல எனக்கு நாற்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.