வெரிபீ வீட்டின் நியூட்ரல் வயர்

மெல்பேர்ணின் வெரிபீ புறநகரில் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறைக்குள் மகள் செருப்போடு நிற்பதைக் கொட்பிறி முதன்முதலாகக் கண்டது ஒரு சனிக்கிழமை காலை, ஏழே முக்காலுக்கு. எட்டு வயது நிஷானி நீல நிறப் பாட்டாச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பல் விளக்குவதற்காகக் குழாயைத் திறந்துகொண்டிருந்தாள்.

“என்ன இது, பாத்றூமுக்குள்ள செருப்பு?”

“பைப்பைத் தொட்டா டிக்கிள் பண்ணும், அப்பா. செருப்புப் போட்டா ஓகே. மம்மி செட் சோ.”

கொட்பிறி குசினிக்குப் போனார். மனைவி பேர்ள் தேநீருக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு நின்றாள். அவள் காலிலும் செருப்பு இருந்தது.

“எத்தினை நாளா?”

“மூண்டு கிழமை இருக்கும்.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “சொன்னா நீங்கள் சத்தம் போடுவியள். வீட்டுக்காரர் சிறீ அண்ணை எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவார். ஊரிலையும் பிரிஜ்ஜில கரண்ட் அடிச்சா செருப்பைப் போட்டுட்டுத்தானே திறந்தனாங்கள்.”

அது உண்மை. மன்னாரில் எத்தனையோ வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் ஒரு சோடி இறப்பர்ச் செருப்புக் கிடப்பதை அவரே பார்த்திருக்கிறார். பார்த்துச் சிரித்துமிருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. மூன்று கிழமை என்றால் இருபத்தொரு காலை. இருபத்தொரு காலையும், பெரும்பாலும் அவர் விடியமுன் வேலைக்குப் போன பிறகு, பிள்ளையின் ஈரக்கை அந்தக் குழாயில் பட்டிருக்கிறது.

கொட்பிறிக்கு அப்போது வயது நாற்பத்துமூன்று. மன்னாரில் பதினொரு ஆண்டுகள் வீடுகளுக்கு வயறிங் செய்தவர். 2012இல் படகில் அவுஸ்திரேலியாவுக்கு வந்தவர். அன்றுமுதல் தற்காலிக விசாவில் இருப்பவர். உரிமம் இல்லாதவர் சுவரிலுள்ள ஒரு பிளக் பொயின்ரைக்கூட மாற்றக்கூடாது என்பது இங்குள்ள சட்டம். ஆகவே மேற்கு மெல்பேர்ணில் எழும்பும் புதிய வீடுகளில் அவர் துளை போடுவார், கேபிள் இழுப்பார். நுனியைச் செருகித் திருகாணியை முடுக்குவது உரிமம் உள்ளவரின் வேலை. எந்த வயர் எதுவென்று அவருக்குப் பாடம் எடுப்பவர்கள், அவர் முதல் வீட்டுக்கு வயறிங் செய்த ஆண்டில் பிறந்தே இராதவர்கள். வாயை மூடிக்கொண்டு கேட்பதற்கு அவர் பழகியிருந்தார். அன்று காலை அந்தப் பழக்கம் உதவவில்லை.

மின்னழுத்தம் அளக்கும் மீற்றரை எடுத்தார். ஒரு முனையைக் குழாயில் பிடித்தார். மற்ற முனையை நீண்ட வயரொன்றில் பொருத்தி, யன்னலுக்கு வெளியே ஈரமண்ணில் குத்திய திருப்புளியில் கட்டினார். நான்கு வோல்ற்.

“கேத்திலைப் போடு.”

முப்பத்தெட்டு.

“நிப்பாட்டு.”

மீண்டும் நான்கு.

அவருக்கு விளங்கிவிட்டது. மின்சாரம் ஒரு வயரால் வந்து, கேத்திலைச் சூடாக்கி, நியூட்ரல் என்கிற மற்ற வயரால் திரும்பிப் போகவேண்டும். போய்த் திரும்பும் அந்த வட்டம் முழுமையாக இருந்தால்தான் அது சுற்று. திரும்பும் வழி எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது அறும் நிலையில் இருக்கிறது. வழி கிடைக்காத மின்சாரம் எர்த் வயருக்குள் புகுந்து, தண்ணீர்க் குழாய்களில் ஏறி, மண்ணைத் தேடுகிறது. வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கும் பிள்ளையும் அதற்கு ஒரு வயர்தான்.

வீட்டுக்காரர் சிறீஸ்கந்தராசா இருபது நிமிடத்தில் வந்தார். இரண்டு தெரு தள்ளிப் புது வீட்டில் இருப்பவர். வந்ததும் மின்பெட்டியைத் திறந்து, சேஃப்ரி சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். சுவிச் ‘டக்’கென்று விழுந்தது.

“பாத்தியே? வடிவா வேலை செய்யுது. கரண்ட் லீக் இருந்தா இது தானா விழுந்திருக்கும்.”

“விழாது, அண்ணை. அது போற கரண்டையும் வாற கரண்டையும் மட்டும்தான் ஒப்பிட்டுப் பாக்கும். ரெண்டும் சரியா இருக்கு. வழி தவறுறது அதைத் தாண்டின பிறகு.”

“தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருசம்.”

“கரண்டுக்கு அது தெரியாது, அண்ணை.”

சிறீஸ்கந்தராசாவின் முகம் இறுகியது. “சரி, அப்ப நீயே திருத்திப் பூட்டிவிடன். பின்வளவுக் கொட்டிலுக்கு லைன் இழுத்த கைதானே.”

சென்ற ஓகஸ்ட் மாதம், கொட்டிலை இரண்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக, அவர் கேட்டு, கொட்பிறி இழுத்த லைன் அது. மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அப்போது அவர் இருக்கவில்லை.

“மெயின் பியூஸ் தெருக் கம்பத்தில. அதைக் கழட்டாமல் நான் தொடமாட்டன். கரண்ட் கொம்பனி எமேர்ஜென்சிக்குப் போன் அடிக்கப் போறன்.”

“அடி. வந்து எல்லாத்தையும் நோண்டுவாங்கள். பின் லைன் ஆர் இழுத்ததெண்டு கேப்பாங்கள். பிறகு உன்ர விசா...”

பேர்ள் கணவனின் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறிக்கொண்டு இலக்கத்தை அழுத்தினார்.

நாற்பது நிமிடத்தில் வந்தவர் மஞ்சள் மேலங்கி அணிந்த ஓர் இளம்பெண். அளந்தார், கம்பத்தில் ஏறி மின்சாரத்தைத் துண்டித்தார், இறங்கி வந்து மின்பெட்டியின் முகப்பைக் கழற்றினார். பிரதான நியூட்ரல் வயரைப் பிடிக்கும் திருகாணியில் விரலை வைத்தார். திருப்புளி தேவைப்படவில்லை; விரலுக்கே அது ஒன்றரைச் சுற்றுச் சுழன்றது. வயரின் நுனி கருகியிருந்தது. யாரோ இதை அண்மையில் கழற்றியிருக்கிறார்கள் என்றார்.

கொட்டில் லைனுக்கு இடம் எடுப்பதற்காக அந்த வயரைத் தளர்த்திப் பக்கத்துத் துளைக்கு மாற்றியவர் கொட்பிறிதான். அன்று கேற்றடியில் காவல் நின்ற சிறீஸ்கந்தராசா, “கெதியா, கெதியா, பக்கத்து வீட்டுக்காரன்ர கார் வருது” என்றார். கொட்பிறி திருகாணியை ஒருமுறை முடுக்கியதோடு பெட்டியை மூடினார். மன்னாரில் பதினொரு ஆண்டுகளில், ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பார்க்காமல் அவர் ஒரு பெட்டியையும் மூடியதில்லை. இங்கே, தன் பிள்ளை குளிக்கும் வீட்டில், திருடனைப் போல மூடியிருக்கிறார். வீட்டுக்காரர்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அதைவிடப் பெரிய கோபமொன்று தன்மேலேயே வந்தது.

இந்த வேலையைச் செய்தது யார் என்று அந்தப் பெண் கேட்டார்.

“விசர் வேலை பாக்காதை,” சிறீஸ்கந்தராசா தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். “முந்தி இருந்த ஆக்கள் செய்ததெண்டு சொல்லு. ரெண்டு பேருக்கும் நல்லது.”

“முந்தி இருந்த ஆக்களின்ர பிள்ளையே மூண்டு கிழமையா இந்தப் பைப்பைப் பிடிச்சது?”

கொட்பிறி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். தனக்கு உரிமம் இல்லை, செய்தது தான்தான், என்ன மாதம், என்ன அளவு வயர் என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னார். பெயரைக் கேட்டபோது எழுத்துக்கூட்டிச் சொன்னார். பெண் எழுதி முடித்துப் பேனையை மூடப்போனார்.

இன்னும் ஒரு பெயர் இருக்கிறது, என்றார் கொட்பிறி. வேலையைச் செய்யச் சொல்லி, கேற்றடியில் நின்று அவசரப்படுத்தியவரின் பெயர். அது நீளமான பெயர். பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தபடியே, ஓர் எழுத்தையும் விடாமல், அந்தப் பெண் எழுதக்கூடிய வேகத்தில் அதைச் சொன்னார்.