மூன்றாம் இடமும் ஒரு காலி கேரியரும்

டிரையத்லான் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் முதலில் உச்சரித்தது நான்தான். கடலில் நீந்தவேண்டும், கரையேறிய உடனே சைக்கிள் மிதிக்கவேண்டும், இறங்கிய உடனே ஓடவேண்டும் என்று நான் விளக்கியபோது அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல், "இன்னாத்துக்குடி? பின்னாடி யாரு தொரத்திகினு வராங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதன்பிறகு மாநிலம், தேசியம் என்று எத்தனையோ போட்டிகளில் ஓடிவிட்டேன். சரியான பதில் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை.

புது நூற்றாண்டு பிறந்த புதிது. எனக்குப் பதினொரு வயது. திருவொற்றியூரில் எங்கள் தெரு போய் முடிவது கடற்கரைச் சாலையில். சாலைக்கு அந்தப் பக்கம் கருங்கல் கொட்டிய இரண்டு மேடுகளுக்கு நடுவே கடல் குளம்போலக் கிடக்கும். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் எங்களில் ஐந்து பெண்களை அங்கே கூட்டிப்போய் நீந்தவிடுவார். நான் நீந்துவதைவிட உப்புத்தண்ணீர் குடித்ததுதான் அதிகம். ஓட்டம் சுமார். சைக்கிளில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதற்குக் காரணம் என் மாமா.

மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர், கன்டெய்னர் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குள் நுழைய எங்கள் சாலையில் லாரிகள் எண்ணூர்ப் பக்கம் வரை நிற்கும். வரிசை நகர நகர ஒவ்வொரு வண்டியும் தெற்கே ஊர்ந்து வரும். மூன்று நாள், நான்கு நாள்கூட ஆகும். அவசரக்காரர்கள் பக்கத்திலேயே இரண்டாவது வரிசை போட்டு முக்கால் சாலையை அடைத்துவிடுவார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் வரிசையை விட்டு வெளியே வந்த வண்டி, மறுபடி வாலில் போய்த்தான் ஒட்டவேண்டும். பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றாலும் சரிதான்.

மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அக்காவின் பழைய லேடீஸ் சைக்கிளில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு, தெருமுனையிலிருந்து லாரிகளை எண்ணிக்கொண்டே வடக்கே மிதிப்பேன். வியாழக்கிழமை நூற்றுப்பத்தாவது லாரி என்றால் வெள்ளிக்கிழமை எழுபதாவது. எண்ணிக்கை குறையக் குறைய மாமா வீட்டுக்குக் கிட்டே வருகிறார் என்று அர்த்தம். என்னைப் பார்த்ததும் முதல் லாரிக்காரர் இரண்டு குட்டி ஹாரன், ஒரு நீட்டு ஹாரன் அடிப்பார். அதற்கு ‘சோறு வருகிறது’ என்று பொருள். அடுத்த வண்டி வாங்கி அதற்கடுத்த வண்டிக்குத் தள்ள, நான் போய்ச் சேர்வதற்குள் மாமா தூக்கம் கலைந்து, கைகழுவி, முந்தின நாள் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு நடுச்சாலையில் வந்து நிற்பார். நான் நிறுத்தி, நிறைந்ததைக் கொடுத்து, காலியை மாட்டிக்கொண்டு திரும்புவேன். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதுகூட இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் டிரையத்லான் போட்டி. முதல் மூன்று பேர் மாவட்ட அணிக்குப் போவார்கள். அங்கேயே நீல நிற டிராக் சூட் கொடுப்பார்கள், முதுகில் வெள்ளை எழுத்தில் மாவட்டத்தின் பெயர் இருக்கும். மாவட்ட அணி எப்படியோ போகட்டும், எனக்கு அந்த டிராக் சூட் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பதாக ஒரு வாரமாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மாமா இருபத்திரண்டாவது லாரிக்கு வந்துவிட்டிருந்தார், இரண்டாவது வரிசையில். "நாளைக்கு உள்ள பூந்துருவேன் பாப்பா. ராத்திரி வூட்லதான் சோறு" என்றார். எனக்கு அழுகை வந்தது. "நாளைக்கு இந்த ரோட்லதான் ரேஸு மாமா. இவ்ளோ லாரி நின்னுகினு கீதே, நாங்க எங்க மிதிக்கிறது? இடம் இல்லன்னா ரேஸே கெடையாதாம். டீச்சரு சொன்னாங்க" என்றேன். மாமா தாடையைச் சொறிந்துகொண்டு வரிசையை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் போலீசு பாத்துக்கும். நீ போய்த் தூங்கு" என்றார்.

மறுநாள் காலையில் பதினான்கு பெண்கள் கடலில் இறங்கினோம். நான் கரையேறியபோது எனக்குப் பின்னால் இரண்டே பேர் இருந்தார்கள். ஈரம் சொட்டச் சொட்ட அக்காவின் சைக்கிளில் ஏறினேன். எண்ணூர்ப் பக்கம் மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பவேண்டும். சாலையைப் பார்த்ததும் எனக்கு நம்பமுடியவில்லை. ஊர்ப்பக்கத்துப் பாதி துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. இரண்டாவது வரிசையைக் காணோம். போலீசு என்றால் போலீசுதான் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டாவது இடத்தில் மாமாவின் வண்டி இல்லை. சொன்னபடி உள்ளே போய்விட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

என்னைப் பார்த்ததும் முதல் லாரிக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு குட்டி, ஒரு நீட்டு. அவ்வளவுதான், வரிசை மொத்தமும் பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் கியர் வைத்த சைக்கிள்களில் போய்க்கொண்டிருந்த பெண்கள் காதுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. ஒருத்தி பிரேக் பிடித்தாள், ஒருத்தி சாலையின் மறுகோடிக்கே போய்விட்டாள். எனக்கு அது தாலாட்டு. ஒவ்வொருத்தியாகத் தாண்டினேன். திரும்பும் இடம் நெருங்கியபோது என் முன்னால் ஒரே ஒருத்திதான்.

அப்போது வரிசையின் வால் பக்கம் ஒரு லாரியிலிருந்து மாமா குதித்தார். கண்ணில் தூக்கம், கையில் கழுவிய கேரியர். ஹாரன் சத்தத்தில் எழுந்தவர் போட்டியையே மறந்து நடுச்சாலையில் வந்து நின்றார். நானாவது யோசித்திருக்கவேண்டாமா? பழக்கதோஷம், கால் தானாக நின்றுவிட்டது. அவர் நீட்டினார், வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினேன். என் கையில் சாப்பாடு இல்லாததைப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஐயய்யோ! போ பாப்பா, போ போ போ!" என்று மாமா அலறினார். அதற்குள் இரண்டு பேர் என்னைக் கடந்துவிட்டார்கள். கேரியரைக் கழற்ற நேரமில்லை. கடகடவென்று அது அடித்துக்கொள்ள, திருவொற்றியூர் வரை பாத்திரக்கடை போல வந்து சேர்ந்தேன்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தில் ஒருத்தியைத்தான் பிடிக்க முடிந்தது. மூன்றாம் இடம். மூச்சு வாங்குவதற்குள் நான்காவதாக வந்த பெண்ணின் அப்பா நடுவரிடம் போய்விட்டார். வழியில் இந்தப் பெண்ணுக்கு ஒருவர் சாப்பாடு கொடுத்தார், வெளியாள் உதவி வாங்கினால் வெளியேற்றவேண்டும் என்றார். நடுவர் கேரியரை மேஜைமேல் வைத்து ஒவ்வொரு அடுக்காகத் திறந்தார். சுற்றிலும் கூட்டம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டிராக் சூட் அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று அடுக்கும் காலி. அடியில் மட்டும் கழுவியும் போகாத மீன்குழம்பு வாசனை.

"காலிப் பாத்திரத்தத் தூக்கிகினு வந்தா அது உதவியா சார்?" என்றார் டீச்சர். நடுவர் கேரியரைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது உதவி இல்லம்மா, தண்டனை" என்றார். பெட்டியிலிருந்து மூன்றாவது டிராக் சூட் என் கைக்கு வந்தது. எனக்கு இரண்டு சுற்றுப் பெரியது. தரையில் கால் பாவவில்லை.

மகிழ்ச்சி வேறு, கோபம் வேறு. மத்தியானம் சாப்பாட்டோடு போனபோது மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "உன்னாலதான் ரெண்டாவது வரவேண்டியவ மூணாவது வந்தேன். இருவத்திரண்டுல இருந்த ஆளு எப்டி வாலுக்குப் போன?" என்றேன்.

"பஞ்சர் ஆயிருச்சு பாப்பா" என்றார் மாமா. சக்கரங்களை நான் எண்ணிப் பார்த்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஒட்டிவிட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சில வருடம் கழித்து, மாமாவின் கல்யாணப் பந்தியில் அவருடைய டிரைவர் தோஸ்து ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போலீசு வந்து இரண்டாவது வரிசையை எடுக்கச் சொன்னபோது ஒருத்தர்கூட அசையவில்லையாம். "மூணு நாளு நின்ன எடத்த எவன் வுடுவான்? உன் மாமன்தான் மொதல்ல வண்டிய எட்த்தான். ரிவர்ஸுல கூட இல்ல, நேரா திருப்பிகினு வாலுக்குப் பூட்டான். அப்பால ஒவ்வொருத்தங்கிட்டயும் நடந்து போய்க் கெஞ்சினான். ‘எங்க பாப்பா ஓட்டுது, எங்க பாப்பா ஓட்டுது’ன்னு. பைத்தியக்காரன்" என்று அப்பளத்தை நொறுக்கினார்.

ஆனால் அன்றைக்கு எனக்குப் பதினொரு வயது. போட்டி முடிந்தும் மூன்று நாள் மாமாவுக்குச் சோறு சுமந்தேன், நூற்றறுபது, நூற்றுப்பத்து, அறுபது என்று மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டு. தொளதொளத்த நீல டிராக் சூட்டைக் கழற்றாமல், வேர்க்க விறுவிறுக்க, போகிற வழியெல்லாம் கேட்கிற லாரிக்காரர்களிடமெல்லாம் புலம்பினேன்: "எங்க மாமாவுக்கு ஒரு பஞ்சரு கூட சீக்கிரம் ஒட்டத் தெரியலண்ணா." அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு எனக்கு ஹாரன் அடித்தார்கள்.